படிக்கட்டில் நின்ற குடும்பம்

"இந்தா, இதைக் கொஞ்சம் பாரேன். வலது கண்ணை மூடிக்கிட்டுப் பாரு."

கண்ணாடிக் கடைக்காரர் தன் மனைவியிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை நுரை. அவர் சாப்பாட்டு மேசையில் பச்சை ஆல்பத்தை விரித்துவைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு பழைய அஞ்சலட்டையை உருவி, ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கை ஈரம். ஒரு சொட்டு பட்டா வீட்டையே ரெண்டாக்குவீங்க. வெச்சிட்டுப் போங்க."

"நீ தொட வேணாம். நான் பிடிச்சிக்கறேன். நீ பாத்தா போதும்."

"குழாய் திறந்து கிடக்கு. சாயங்காலம் பாக்கறேனே."

"சரி, சாயங்காலம். இவங்க எங்க ஓடிடப் போறாங்க?"

அட்டையில் இருந்தவர்களைச் சொன்னார். நூறு வருஷத்துக்கு மேல் அசையாமல் நிற்கிறவர்கள். செருப்பை மாட்டும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், தெருவில் யாரோடோ இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். அன்று மதியம் கடையில் ஒருவருடைய கண்ணாடிக்கு மூக்குப் பிடியை நிமிர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தவர், "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மூன்று மாதம் ஆகிவிட்டது. அதற்குப்பின் நடந்தது இந்தக் கதையை வாராவாரம் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி.

மகளுக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறது. பிறந்தபோது ஒரு கைக்குள் அடங்கியதால் அவளுக்குப் பொடிசு என்று பெயர் விழுந்தது. இப்போது வீட்டில் எல்லோரையும்விட உயரம். நிலைப்படியில் தலை இடிக்கும். ஆனாலும் பொடிசுதான். அம்மாவைத் தனியாக விட்டுப் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அங்கே அவளுக்குக் கிடைத்திருக்கும் இரண்டு அறை வீட்டில் இரண்டு பேர் படுக்கலாம். அவர் சேர்த்துவைத்த ஏழு ஆல்பம் அஞ்சலட்டைகளில் நிற்கிற ஜெர்மன் ராஜ குடும்பங்களும் கூட வந்து இறங்க முடியாது. அதனால் அவற்றை வாங்கிக்கொள்ள ஒருவர் கிடைத்திருக்கிறார். ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் டீச்சர். அந்த டீச்சர் இன்று சாயங்காலம் வருகிறார். அம்மாவும் தலையை ஆட்டியாயிற்று.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை அவர் காட்ட வந்தது எந்த அட்டை? அதில் எதைப் பார்க்கச் சொன்னார்?

பச்சை ஆல்பத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். அவர் உருவிய இடம் காலியாக இருக்கும். ஆனால் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. கை வந்த நாளில் ஆல்பம் வீட்டில் இல்லை. "டீச்சர் வர்றதுக்குள்ள ஒழுங்கா அடுக்கித் தர்றேன் அண்ணி" என்று கொழுந்தனார் ஏழையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்.

இன்று காலை அவை திரும்பி வந்தன.

கொழுந்தனார் அதே கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். ஆள் தங்கம். ஒரு வேலை கொடுத்தால் அதற்கு மேலும் இரண்டு வேலை செய்துவிடுவார், அதுதான் தொல்லை. அட்டைப் பெட்டியைத் தையல் மெஷின் பக்கத்தில் இறக்கிவைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பாருங்க அண்ணி! ராஜ்யம் வாரியாப் பிரிச்சிட்டேன். பிரஷ்யா தனி, பவேரியா தனி, சாக்சனி தனி. படத்துக்குக் கீழ அச்சடிச்சிருக்கிற பேரை எழுத்து எழுத்தா போன்ல தட்டித் தட்டிக் கண்டுபிடிச்சேன். கண்ணே அவிஞ்சு போச்சு."

"அவிஞ்சா என்ன சித்தப்பா, கடை நம்ம கடைதானே?" என்றாள் பொடிசு.

"சிரி, சிரி. அண்ணன் வெச்சிருந்ததைப் பாத்திருக்கியா நீ? தலையும் இல்ல, காலும் இல்ல. ஒரு நாட்டு ராணி பக்கத்துல வேற நாட்டுத் தளபதி. நடு நடுவுல காலி. நான் எல்லாத்தையும் நெருக்கி அடைச்சிட்டேன். ஒரு ஓட்டை கிடையாது!"

அம்மா தைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது.

"ஒண்ணுகூட இல்லையா தம்பி?"

"ஒண்ணுகூட இல்ல அண்ணி. நீங்க தேடினாலும் கிடைக்காது."

அவள் தேடிக்கொண்டிருந்ததே அந்த ஓட்டையைத்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப்போல நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க. உக்காந்து டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடித்துவிட்டுக் கடை திறக்கப் போனார். தெருமுனை திரும்பும்வரை அம்மா ஜன்னலருகே நின்றாள்.

"பொடிசு, கதவைச் சாத்து. இதையெல்லாம் உருவணும்."

"எதையெல்லாம்?"

"எல்லாத்தையும்."

"சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சிடும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று பொடிசுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு மூன்று மாதமாகியிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அம்மா விஷயத்தைச் சொன்னாள். ஈரக் கை, அட்டை, வலது கண்ணை மூடிக்கொண்டு பார் என்றது. பழைய வரிசையில் திரும்ப அடுக்கினால், காலியாக நிற்கிற இடம் அது எந்த அட்டை என்று சொல்லிவிடும்.

"இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"சொல்ற அளவுக்கு என்ன இருக்கு அதுல?"

பொடிசு தரையில் உட்கார்ந்து முதல் ஆல்பத்தைப் பிரித்தாள்.

அந்த அட்டைகள் வந்த கதை பெரியதல்ல. கடை வைத்த புதிதில், மூடிப்போன ஒரு கண்ணாடிக் கடையின் பழைய சாமான்களை அவர் வாங்கிவந்தார். அதில் ஒரு ஜெர்மன் லென்ஸ் பெட்டி. கண் சோதிக்கும்போது மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற வட்ட லென்ஸ்கள், வெல்வெட் பள்ளங்களில் வரிசையாக. வெல்வெட்டைத் தூக்கினால் அடியில் ஒரு அஞ்சலட்டை. தாம்பாளம் அளவு தொப்பி வைத்த ஒரு சீமாட்டி, மூன்று குழந்தைகள், ஒரு நாய்.

'இது எதுக்கு லென்ஸ் பெட்டியில இருக்கு?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வி அவரைப் பழைய பொருள் கடைகளுக்கும் ஏலங்களுக்கும் இழுத்துக்கொண்டு போனது. ஒரே தேசத்துக்குள் நாலு ராஜாக்கள், அவர்களுக்குக் கீழே எண்ணிச் சலிக்கிற அளவு கோமகன்களும் சிற்றரசர்களும் இருந்த காலம் அது. சினிமா நட்சத்திரத்தின் படத்தை வாங்குவதுபோல ஜனங்கள் அவர்களுடைய படத்தைக் கடையில் வாங்கி, முதுகில் நலம் விசாரித்து எழுதி, தபாலில் போட்டார்கள். பிறகு பெரிய யுத்தம் முடிந்தது, கிரீடங்கள் போயின. அட்டைகள் நின்றன.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஜெர்மன் ஒரு எழுத்து தெரியாது. முகம்தான் தெரியும். அதனால் முகத்தைப் பார்த்தே உறவு கட்டினார்கள். மேல்நோக்கி முறுக்கிய மீசைக்காரர் மீசை மாமா. உதட்டைக் குவித்துக்கொண்டு நிற்கிறவள் பெரிய நாத்தனார். எல்லாப் படத்திலும் ஓரத்தில் நின்று அசடு வழிகிற நீளமான ஆள் வீட்டோட மாப்பிள்ளை. பிற்பாடு புத்தகங்கள் வந்து உண்மையான பெயர்களும் பட்டங்களும் தெரிந்தபோதும், வீட்டுக்குள் பழைய பெயர்களே நின்றன.

அடுக்கும் முறையும் அப்படித்தான். கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்கு நிறுத்துவதுபோல. யார் யார் பக்கத்தில் நின்றால் முகம் சுளிக்கமாட்டார்கள், யாரையும் யாரையும் ஒரே வரிசையில் விடக்கூடாது என்று சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் தர்க்கம் செய்வார்கள். அந்தத் தர்க்கத்தில் பாதி அவளுடையது. அதனால்தான் இப்போது பழைய வரிசையைத் திரும்ப அடுக்க அவளால் முடிந்தது.

"மீசை மாமா எங்கம்மா?"

"முதல் பக்கம், மேல. அவருக்குக் கீழ யாரும் எதிர்த்துப் பேசாத ஆளாப் போடு. அந்த வழுக்கைத் தாத்தா."

"பெரிய நாத்தனார்?"

"அவ அடுத்த பக்கம். மாமா முகத்துல முழிக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தாள் இருக்கணும்."

"இந்தக் குதிரை மேல இருக்கிறவரு?"

"குதிரையோட எங்க வேணாலும் போவாரு. கடைசிக்குத் தள்ளு."

பொடிசு அட்டையை எடுத்துக் கொடுக்க, அம்மா கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு பார்வை பார்த்து இடம் சொன்னாள். தொப்பி, மீசை, நிற்கிற தோரணை, அது போதும் அவளுக்கு.

"ஏம்மா இவ்வளவு தூரத்துல வெச்சுப் பாக்கற?"

"தூரத்து சொந்தம்தானே. பக்கத்துல வெச்சா ஒட்டிக்குவாங்க."

"சும்மா சொல்லு. கண்ணு தெரியலையா?"

"கண்ணாடிக்காரர் பெண்டாட்டி கண்ணாடி போடாததுதான்டி கடைக்கே விளம்பரம். வேலையைப் பாரு."

இதை அவள் பல வருஷமாகச் சொல்லிவருகிறாள். கணவரிடமும் சொல்லியிருக்கிறாள். வாசல் அறையில் துணி தைத்துக் கொடுப்பவள் அவள். தினம் காலையில் கடைக்குக் கிளம்புமுன் அவர் ஊசிகளில் கறுப்பும் வெள்ளையுமாக நூல் கோர்த்து, பஞ்சுத் திண்டில் குத்திவைத்துவிட்டுப் போவார். 'எனக்கு இது ஒரு தியானம்' என்பார். அவர் கோர்த்த கடைசி ஊசி இன்னும் கறுப்பு நூலோடு திண்டில் நிற்கிறது. அதை மட்டும் அவள் எடுப்பதில்லை.

பொழுது சாய்வதற்குள் பச்சை ஆல்பம் நிறைந்துவிட்டது. நிறையாத இடம் இரண்டு.

ஒன்று நடுப்பக்கத்தில். அம்மா அந்த வெற்று உறையில் விரலை வைத்தாள்.

"இங்க படிக்கட்டுக் குடும்பம் இருக்கணும். மாளிகை வாசப்படியில அப்பா, அம்மா, அஞ்சு பிள்ளைங்க. கடைசிப் பையன் கப்பல்காரன் சட்டை போட்டிருப்பான். அதுதான். அன்னிக்கு அவர் எடுத்தது அதுதான்."

"அப்ப இது?" என்று பொடிசு கடைசிப் பக்கத்துக் காலியைக் காட்டினாள். கேட்டபோதே அவள் குரல் இறங்கியது.

"இது கல்யாணப்பொண்ணு. தலைமுறை தலைமுறையா முகம் பாக்காத ரெண்டு வீடு, இவ கல்யாணத்துலதான் ஒண்ணு சேர்ந்துச்சு. உனக்குத்தான் அவளை ரொம்பப் பிடிக்குமே. எங்க போனா?"

"எனக்கெப்படி தெரியும்?"

பதில் கேள்வியைவிட வேகமாக வந்தது. பொடிசு குனிந்து, ஏற்கெனவே நேராக இருந்த அட்டைகளை மறுபடியும் நேராக்கினாள். காது நுனி சிவந்திருந்தது. அம்மாவுக்குச் சின்ன எழுத்து தெரியாமல் போகலாம். மகளின் காது எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். ஆனாலும் அவள் கேட்கவில்லை. அப்போது கதவு தட்டப்பட்டது.

டீச்சரும் கொழுந்தனாரும் ஒன்றாகவே வந்தார்கள். டீச்சர் ஒல்லி, கிராப்பு வெட்டிய வெள்ளை முடி. கொழுந்தனார்தான் முன்னால் வந்தார், விற்பனையைத் தன் கையால் முடித்துவைக்கிற உற்சாகத்தில். தரை முழுக்கப் பரவிக் கிடந்த ராஜ வம்சங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி... பவேரியா எங்க?"

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க தம்பி. கால் பட்டுடப் போகுது, ஓரமா வாங்க."

டீச்சர் யாரும் சொல்லாமலே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பச்சை ஆல்பத்தை மடியில் வைத்து மெதுவாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"இவர் சாக்சனி. பக்கத்துல இருக்கிறவங்க வேற வீடு. யார் அடுக்கினது இது?"

"எங்க வீட்டுக்காரர்."

"தப்பா இருக்கே."

"தப்புதாங்க. ஆனா சண்டை வராது."

டீச்சர் தலை நிமிர்ந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். இந்த அம்மாள் யாரோடும் ஒத்துப்போகிறவள், அதனால் அவளை எப்போதும் இரண்டு முசுடுகளுக்கு நடுவில் வைப்பது வழக்கம். இந்தத் தளபதிக்குத் தன்னைவிட உயரமானவர்கள் பக்கத்தில் நின்றால் பிடிக்காது, பாருங்கள், எல்லாப் படத்திலும் ஒரு படி மேலே ஏறித்தான் நிற்பார். வீட்டோட மாப்பிள்ளையை எங்கே வைத்தாலும் பாதகமில்லை, அவனை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றி ஓரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பது வருஷம் இவங்க பாஷையைச் சொல்லிக் கொடுத்திருக்கேன். ஒருநாளும் இவங்க எனக்கு மனுஷங்களாத் தெரிஞ்சதில்ல."

"அப்ப எடுத்துக்கறீங்களா?" என்றார் கொழுந்தனார் ஆவலாக.

"மொட்டையா வேணாம். கதையோட கொடுத்தா எடுத்துக்கறேன்."

"கதையை எப்படிங்க கொடுக்கறது?" என்றாள் அம்மா.

"பக்கம் பக்கமா, பக்கத்துல உக்காந்து. அவசரமில்ல, எத்தனை மாசம் ஆனாலும் சரி." டீச்சர் பொடிசை ஒரு பார்வை பார்த்தார். "ஊரை விட்டுப் போறவங்க அதை எப்படிச் செய்வீங்கன்னுதான் எனக்குத் தெரியல. யோசிங்க. அடுத்த வாரம் வர்றேன்."

பொடிசு டீச்சரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

டீச்சர் போன பிறகு கொழுந்தனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வாடியிருக்கமாட்டார்.

"எம்மேல கோவமா அண்ணி? அண்ணன் வெச்ச இடத்தை நான் கலைச்சிட்டேன்னு..."

"அய்யே, கோவமெல்லாம் இல்ல. ஒரு அட்டையைத் தேடினேன். அவர் எடுத்த இடம் தெரியணும்னு திரும்ப அடுக்கினோம். படிக்கட்டுல ஒரு குடும்பம் நிக்கும். அன்னிக்குக் காலையில கையில வெச்சிருந்தார். அப்புறம் காணோம்."

"அன்னிக்குக் காலையிலயா?" கொழுந்தனாரின் புருவம் சுருங்கியது. "அஞ்சலட்டையா? ஒரு பக்கம் வெள்ளை ஓரம் வெச்சது?"

"ஆமா."

"அண்ணி, கடையில மேல்தட்டுல ஒரு டிரே இருக்கு. அதுல ஒரு அட்டை ஓரம் நீட்டிக்கிட்டு இருக்கு. நான் ஏதோ கம்பெனிக்காரன் கொடுத்த கார்டுன்னு நினைச்சேன்."

"மூணு மாசமாவா சித்தப்பா? எடுத்துப் பாக்க மாட்டீங்களா?"

"சீட்டு இல்லாத டிரேம்மா அது. பவர் எழுதின சீட்டு இல்லாம நான் எதையும் தொடமாட்டேன். அண்ணன் வேற சொல்லியிருந்தார், 'அதைத் தொடாதே, அந்த ஆளு இன்னும் டெஸ்டுக்கு ஒத்துக்கல'ன்னு. சரி, யாரோ வீம்பு பிடிச்ச வாடிக்கைக்காரர்னு விட்டுட்டேன்."

அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கடை இரண்டு தெரு தள்ளி. கொழுந்தனார் ஷட்டரை ஏற்றி விளக்கைப் போட்டார். சுவர் நிறைய ஃபிரேம்கள், யாரும் மாட்டாத கண்ணாடிகள், எல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டு. அண்ணன் கடைசியாக உட்கார்ந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மூவரும் பின்னறைக்குப் போனார்கள். தேய்க்கிற இயந்திரம், தண்ணீர்த் தொட்டி, லென்ஸ் தூள் படிந்த மேசை. அலமாரியில் ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டிரே, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபிரேமும் ஒரு சீட்டும். கொழுந்தனார் ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கி விளக்கடியில் வைத்தார்.

அடியில் அட்டை. அதன்மேல் ஒரு ஃபிரேம். பக்கத்தில் காகிதத்தில் சுற்றிய ஒரு லென்ஸ்.

அந்த ஃபிரேமை அம்மாவுக்குத் தெரியும். அடர்ந்த பழுப்பு நிறம், மேலோரம் லேசாகத் தூக்கினாற்போல. ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது விளையாட்டாக அதை மாட்டிக் கண்ணாடியில் பார்த்து, "போடறதா இருந்தா இதைப் போடலாம். மத்ததெல்லாம் வாத்தியார் மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கழற்றி வைத்தது அவள்தான்.

"வலது பக்கம் லென்ஸ் ஏத்தியாச்சு," கொழுந்தனார் ஃபிரேமைத் திருப்பிப் பார்த்தார். "கிட்டப் பாக்கறதுக்கான பவர். அண்ணனே தேய்ச்சிருக்கார், விளிம்பைப் பாத்தாலே தெரியுது. இடது பக்கத்துக்கு எடுத்து வெச்ச லென்ஸை இன்னும் தேய்க்கல. பவரை முடிவு பண்ணலை போல. ஆனா டெஸ்டே இல்லாம வலது பக்கத்தை எப்படி முடிவு பண்ணினார்?"

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

'மீசை மாமா சட்டையில எத்தனை பித்தான், சொல்லு பாப்போம்.' 'அந்தம்மா கையில இருக்கிறது ரோஜாவா, விசிறியா?' 'ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு, படத்துல ஆழம் தெரியும்.' உண்மையிலேயே ஆழம் தெரிந்தது. அதனால் அவள் சந்தேகப்படவில்லை. தெரியாத பித்தானுக்கு வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னாள், ரோஜாவை விசிறி என்றாள். அவர் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. அட்டையை அவள் எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறாள் என்று அவள் கையைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பார். பிறகு இன்னொரு அட்டை.

லென்ஸ் பெட்டிக்குள் அஞ்சலட்டை எதற்கு என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாரே, எப்போதோ அவருக்கு விடை கிடைத்திருக்கிறது. படிக்கச் சொன்னால் வெட்கப்படுகிற ஆளிடம் படத்தைக் காட்டி ஒரு கேள்வி கேட்டால் போதும்.

"நான்தான் தம்பி அது," என்றாள் அம்மா.

"எது?"

"டெஸ்டுக்கு ஒத்துக்காத ஆளு."

கொழுந்தனார் அவளையும் ஃபிரேமையும் மாறி மாறிப் பார்த்தார். பொடிசு அம்மாவின் தோளில் கை வைத்தாள். உயரமான பெண், கை மேலிருந்து இறங்கி வந்தது.

"வீம்பு பிடிச்ச ஆளுன்னு சொன்னீங்களே சித்தப்பா. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

அம்மா சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஃபிரேமை எடுத்து மாட்டினாள். மூக்கில் சறுக்கவில்லை, காதில் இறுக்கவில்லை. எத்தனையோ முகங்களை அளந்தவர், இந்த முகத்துக்கு அளவுகோல் எடுத்திருக்கமாட்டார். லென்ஸ் இல்லாத இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அட்டையை ஓரத்தில் பிடித்துத் தூக்கினாள். கை பழக்கத்தில் நீண்டது. பிறகு மெல்ல மடங்கி, அட்டை பக்கத்தில் வந்தது.

மாளிகையின் வாசற்படி. பின்னால் கதவில் செதுக்கிய இலைகள். இத்தனை வருஷம் அது வெறும் கதவு என்று நினைத்திருந்தாள். அப்பாவின் மார்பில் பதக்கங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. படத்து அம்மாளின் கழுத்துப் பின்னல், நூல் நூலாக, தைக்கிறவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. படிக்கு ஒன்றாகப் பெண்பிள்ளைகள். ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். அதற்கு என்ன காரணம் என்று, அந்தப் பெண்ணின் பார்வை போன திசையில் அம்மாவின் கண்ணும் கீழே இறங்கியது.

கடைசிப் படியில் கப்பல்காரன் சட்டை போட்ட சின்னப் பையன். நெஞ்சை நிமிர்த்தி, அப்பாவைப்போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ராஜ்யத்துக்கே தான்தான் காவல் என்கிற மாதிரி நிற்கிறான்.

அவனுடைய பூட்ஸில் ஒன்றுக்கு லேஸ் அவிழ்ந்து கிடக்கிறது.

இதுதான். இதைப் பார்க்கத்தான் கூப்பிட்டார். பார்த்தால், ஒரு சிரிப்பு. பார்க்க முடியாவிட்டால், இடது கண்ணுக்கு என்ன பவர் என்பது. எப்படியும் சாயங்காலம் இரண்டில் ஒன்று தெரிந்திருக்கும்.

"என்னம்மா தெரியுது?" என்றாள் பொடிசு.

அம்மா அட்டையை அவளிடம் கொடுக்காமல், விரலால் இடத்தைக் காட்டினாள். பொடிசு குனிந்து பார்த்தாள். "அட!" என்றாள். கொழுந்தனாரும் குனிந்தார். மூன்று தலைகள் விளக்கடியில் சேர்ந்தன.

"விழுந்துடப் போறான்," என்றார் கொழுந்தனார்.

பிறகு நிமிர்ந்து, காகிதத்தில் சுற்றியிருந்த லென்ஸைத் தொட்டார்.

"அண்ணி, முன்னாடி வந்து உக்காருங்களேன். இடது கண்ணையும் பாத்திடலாம். நாளைக்கே தேய்ச்சுக் கொடுத்துடறேன்."

ஃபிரேமின் இடது பக்கத்தில் இருந்தது அவள் கணவர் முடிக்காத ஒரு வேலை. அதை இன்னொரு கை முடிக்கலாமா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஊர் மாறுவதா இருப்பதா என்பதும், கல்யாணப்பொண்ணு எங்கே போனாள் என்பதும் தெரியாததுபோலவே.

"இருங்க தம்பி. இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளங்கையால் இடது கண்ணை மூடினாள்.

படத்தில் எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். அப்பா எதிரே பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பையனின் லேஸ் அவிழ்ந்தே கிடந்தது.